பார்டர்லேண்ட்ஸ் 2: முத்துக்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

பார்டர்லேண்ட்ஸ் 2 விளையாட்டு 2012 செப்டம்பர் 18 அன்று வெளிவந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதன் மூன்றாம் பாகம் 2019-இலும் நான்காம் பாகம் 2025-இலும் வந்துவிட்டன. அப்படியிருக்க, இரண்டாம் பாகத்தை இன்று ஒருவர் புதிதாகத் தொடங்கலாமா? இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் கிராபிக்ஸ், கதை, விலை என்ற மூன்றோடு நின்றுவிடும். லூட்டர் ஷூட்டர் என்ற இந்த வகையின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. எதிரியை வீழ்த்தியதும் துப்பாக்கியோ கவசமோ பணமோ தரையில் சிதறும். எது சிதறும் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்கும். கிடைத்ததில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த எதிரியிடம் போக வேண்டும். ஆட்டம் முழுவதும் இந்தச் சுழற்சிதான். ஆகவே இதை எடைபோட அதிர்ஷ்டத்தோடு நெடுநாள் புழங்கிய ஓர் இடத்திலிருந்து பார்ப்பது நல்லது. பழைய கொற்கைத் துறைமுகத்தின் காலத்திலிருந்து முத்துக்குளிப்பை நம்பியிருந்த தூத்துக்குடிக் கரை அப்படிப்பட்ட இடம். அதிர்ஷ்டத்தை நம்பிய எதைப் பற்றியும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை அந்தக் கரையின் வரலாறு நமக்குத் தருகிறது. அதிர்ஷ்டத்தால் லாபம் அடைவது யார்? அதற்கு ஒரு முடிவு உண்டா? கிடைத்தது கையில் தங்குமா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பார்டர்லேண்ட்ஸ் 2 இன்றும் ஆடத் தகுந்தது. ஆனால் முழுவதும் அல்ல. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் அதே கேள்விகளிலிருந்தே தெரியவரும்.

முதலில் முத்துக்குளிப்பில் அதிர்ஷ்டம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளுக்குப் பார்கள் என்று பெயர். கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் (ஃபேதம்) ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்று குளிப்பவருக்கும் தெரியாது, படகுக்காரருக்கும் தெரியாது. சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. குளித்தவர்களுக்குக் கிடைத்த பங்கும் கரையிலேயே சில்லறையாக விற்கப்பட்டது. இரண்டு மூன்று சிப்பி வாங்கி அங்கேயே கத்தியால் பிளந்து பார்த்தவர்கள் உண்டு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய கடல்கட்டிக்கும் சிப்பியே கூலியாகக் கொடுக்கப்பட்டது. எடுத்த முத்துகளை 20 துளையிலிருந்து 1000 துளை வரையுள்ள பித்தளைச் சல்லடைகளில் வரிசையாகச் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு உருட்சியையும் ஒளியையும் பார்த்து, தலையாய ஆணிமுத்திலிருந்து கடைசித் தூள் வரை தரம் பிரிப்பார்கள். ஆயிரம் சிப்பி வாங்கியவர் கையில் பெரும்பாலும் மிஞ்சியது சிறு முத்தும் தூளும்தான்.

பார்டர்லேண்ட்ஸ் 2-இன் துப்பாக்கிகளும் இப்படித்தான் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று நிறம் மாற மாற அரிதாகிக்கொண்டே போகும். இவற்றுக்கு மேலே, 2013 ஏப்ரலில் வந்த கூடுதல் தொகுப்புடன் பேர்லசென்ட் என்ற முத்து வகை சேர்க்கப்பட்டது. 61-ஆம் லெவலிலிருந்து மட்டுமே, அதுவும் மிக மிக அரிதாகவே, அது விழும். இந்தத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. குழல், பிடி, குறிநோக்கி, தனிமம் ஆகிய உறுப்புகளைக் கணினியே கலந்து தருகிறது. 2009-இல் வந்த முதல் பாகம் இந்தக் கலவையால் 1,77,50,000 துப்பாக்கிகள் கொண்டது என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. இரண்டாம் பாகத்தின் மேன்மை எண்ணிக்கையில் இல்லை. துப்பாக்கி செய்யும் கற்பனை நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு குணத்தைக் கொடுத்தது. ஹைப்பீரியன் துப்பாக்கி சுடச் சுடக் குறி கூர்மையாகும். ஜேக்கப்ஸ் வகையில் விசையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு வேகமாகக் குண்டு பாயும். டார்க் சுட்டால் குண்டு வெடிக்கும். டெடியோர் துப்பாக்கியில் குண்டு தீர்ந்ததும் துப்பாக்கியையே வெடிகுண்டாக எறிந்துவிட்டுப் புதியதைக் கையில் பெறலாம். இதனால் சாதாரணப் பச்சைத் துப்பாக்கி விழுந்தாலும் ஆடும் முறையை மாற்றிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது. சிப்பியைப் பிளந்து ஏமாந்தவருக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இங்கே ஏமாற்றத்திலும் பயன் இருக்கிறது. நல்ல லூட்டர் ஷூட்டரையும் வெறும் சூதையும் பிரிக்கும் முதல் கோடு இது.

இரண்டாவது கோடு பணம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, ஒழுங்காகக் கிடைக்கும் பரிசைவிட விடாப்பிடியாக ஓர் உயிரை ஈர்க்கும் என்பதை உளவியலாளர்கள் பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட தங்கள் நூலில் விரிவாகக் காட்டினார்கள். சூதாட்ட இயந்திரத்தில் இயங்குவதும் இந்த விதிதான், லூட்டர் ஷூட்டரில் இயங்குவதும் இதுதான். விதி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அந்த ஈர்ப்பை யார் காசாக்குகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். முத்துக்குளிப்பில் அரசும் பெருவணிகரும் காசாக்கினார்கள், உயிரைப் பணயம் வைத்தவர் கடலுக்குள் போனவர். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. குளிப்பை அறிவிப்பதற்கு முன் அரசு மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு தேறும் என்று கணக்குப் பார்த்தது. ஏலம் கேட்பவர் ஓரளவு தெரிந்தே கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசுக்கு விற்ற பல விளையாட்டு நிறுவனங்கள் இந்தக் குறைந்தபட்ச ஒழுங்கைக்கூடக் கடைப்பிடிக்கவில்லை. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று 2017-இல் சீன அரசு கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 உள்ளிட்ட சில விளையாட்டுகளின் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது. தமிழ்நாடு 2022-இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 2025-இல் ஒன்றிய அரசு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. இவ்விரு சட்டங்களும் முதன்மையாகக் குறிவைப்பது பணம் போட்டுப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. காசு கொடுத்துக் துப்பாக்கிக்கு அலங்காரத் தோலை வாங்கும் சிறுவனை அவை எவ்வளவு காக்கும் என்பது வேறு கேள்வி.

இந்தக் கோட்டில் பார்டர்லேண்ட்ஸ் 2 எங்கே நிற்கிறது? அதிலும் விற்பனை உண்டு. கூடுதல் கதாபாத்திரங்கள், தலை, உடை அலங்காரங்கள், துணைக்கதைகள் எல்லாம் தனித்தனியாக விற்கப்பட்டன. ஆனால் ஒவ்வொன்றும் நிர்ணயித்த விலைக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வாங்கக்கூடியது. உள்ளே சூதாட்ட இயந்திரமும் இருக்கிறது. அதில் போடுவது ஆட்டத்தில் சம்பாதித்த காசு, உண்மை ரூபாயை அதற்குள் செலுத்த வழி கிடையாது. தங்கச் சாவியால் திறக்கும் பெட்டி ஒன்று உண்டு. அந்தச் சாவியை நிறுவனம் வெளியிடும் குறியீடுகளைக் கொண்டு இலவசமாகப் பெறலாம். ஆகவே எவ்வளவு நேரம் ஆடினாலும், எத்தனை முறை ஏமாந்தாலும், வாங்கிய விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட அதிர்ஷ்டத்தின் பெயரால் போகாது. பத்தாண்டுக்குப் பின் வந்த பெரும்பாலான இலவச விளையாட்டுகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. பழையது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள், பரிசுப் பெட்டி வணிகம் முழு வீச்சில் பரவுவதற்கு முன் பிறந்த நன்மை இது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது கோடு, கிடைத்தது கையில் தங்குமா என்பது. மன்னார் வளைகுடாவின் பார்கள் இதில் கடுமையான பாடம் சொன்னவை. இலங்கைப் பக்கத்துப் பார்களை 1906-இல் ஒரு நிறுவனம் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாகி நிறுவனம் முறிந்தது. தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தது. 1961-க்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. இணைய விளையாட்டு உலகில் இந்த வெறுமையை இயற்கை கொண்டுவர வேண்டியதில்லை, ஓர் அறிவிப்பே போதும். 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டது. பப்ஜிக்கு மாற்றாக வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. அந்தத் தடைகளின் காரணங்கள் வேறு. ஆட்டத்துக்குள் காசு கொடுத்துச் சேர்த்தவை எல்லாம் ஆடுபவருடையவை அல்ல என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் வெட்டவெளிச்சமானது. தடை இல்லாத நாடுகளிலும் இதே நிலைதான். டெஸ்டினி 2 என்ற புகழ்பெற்ற லூட்டர் ஷூட்டர், காசு கொடுத்து வாங்கப்பட்ட தன் முதல் கதையையே 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டது. 2019-இல் வந்த ஆன்தம் சர்வர் இல்லாமல் இயங்காது. அதன் சர்வர்களை மூட 2026 ஜனவரி 12 நாள் குறிக்கப்பட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கண்டறிந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் பார்டர்லேண்ட்ஸ் 2 அபூர்வமான உறுதி கொண்டது. தனியாக ஆட இணைய இணைப்பு வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு கணினிகளை லேன் வழியாக இணைத்தும் ஆடலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் ஒரே டிவித் திரையை இரண்டாகப் பிரித்து அண்ணனும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். நிறுவனம் நாளை சர்வரை அணைத்தாலும் கதை நிற்காது. ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் நாம் வாங்குவது சட்டப்படி உரிமம் மட்டுமே, முழு உடைமை இல்லை என்ற எதிர்வாதம் நியாயமானது. கலிஃபோர்னியா 2024-இல் இயற்றிய சட்டம், அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லக் கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனாலும் உரிமத்தாளில் உள்ள ஆபத்து வேறு, சர்வர் அணைந்ததும் இறந்துபோகும் வடிவமைப்பு வேறு. முன்னது எல்லா மென்பொருளுக்கும் பொதுவானது. பின்னது இந்த விளையாட்டுக்கு இல்லை.

வசதியும் இதே முடிவுக்கே கொண்டுபோகிறது. நான்காம் பாகம் குறைந்தபட்சம் எட்டு கோர் செயலி, 16 ஜிபி ரேம், 100 ஜிபி இடம், ஆர்டிஎக்ஸ் 2070 தரத்தில் கிராபிக்ஸ் கார்டு கேட்கிறது. இரண்டாம் பாகம் கேட்டது இரட்டைக் கோர் செயலி, 2 ஜிபி ரேம், 13 ஜிபி இடம், அன்றைய சாதாரண கிராபிக்ஸ் கார்டு. புதியதை ஓட்டத் தேவையான கணினியின் விலை தூத்துக்குடியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சில மாத வருமானம். இரண்டாம் பாகத்துக்கு வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பழைய கணினியே பெரும்பாலும் போதும். முழு விலை கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. 2020-இல் எபிக் கடையிலும் 2025 ஜூனில் ஸ்டீம் கடையிலும் இதைச் சில நாட்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். அப்போது எடுத்து வைத்தவர்களுக்கு அது நிரந்தரமாக அவர்கள் கணக்கில் இருக்கிறது.

சரி, இத்தனை உறுதியும் எதற்காக? உள்ளே காக்கத் தகுந்த சரக்கு இருந்தால்தான் இவையெல்லாம் பொருள் பெறும். இருக்கிறது. கதையின் வில்லன் ஹேண்ட்சம் ஜாக், தொடக்கம் முதல் கடைசி வரை வானொலியில் நம்மிடம் பேசிக்கொண்டே வருகிறான். ஊரைக் காக்க வந்த நாயகன் தானே என்று அவன் மனமார நம்புகிறான். அந்த நம்பிக்கை எவ்வளவு கொடுமைக்கு வழிவிடும் என்பதைக் கதை படிப்படியாகக் காட்டுகிறது. 2013 ஜூனில் வந்த துணைக்கதை இன்னும் உயரத்துக்குப் போகிறது. டைனி டீனா என்ற சிறுமி நண்பர்களை உட்கார வைத்துப் பலகை ஆட்டம் ஒன்றை நடத்துகிறாள். இறந்துபோன ஒருவனை அந்த ஆட்டத்துக்குள் உயிரோடு நடமாட விடுகிறாள். அவன் இறந்ததை ஏற்க முடியாத ஒரு குழந்தையின் துக்கம் அது என்று புரியும்போது, அதுவரை கேட்ட கேலிப் பேச்சு அத்தனையும் வேறு பொருள் கொள்கிறது. சாங்க்சுவரி நகரத்தில் அவ்வப்போது தென்படும் ஓர் ஆளிடம் பேசினால் நல்ல பொருள் ஒன்றைக் கையில் கொடுப்பான். இளவயதில் இறந்த ஒரு ரசிகரின் நினைவாக அந்த ஆளைச் சேர்த்தவர்கள் இதை உருவாக்கியவர்கள். வன்முறையும் கூச்சலும் நிறைந்த விளையாட்டுக்குள் இவ்வளவு மனிதநேயம் இருப்பது தற்செயல் அல்ல. எழுதியவர்கள் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானவற்றுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் பழையது என்கிறார்கள். தடித்த கருங்கோடும் தட்டையான நிறமும் கொண்ட சித்திரக்கதைப் பாணி இது. நிஜத்தைப் போலக் காட்ட முயன்ற 2012-ஆம் ஆண்டு விளையாட்டுகள் இன்று மங்கித் தெரியும்போது, நிஜத்தைப் போலக் காட்ட முயலாத இது அவ்வளவாக மங்கவில்லை. சுடும் அனுபவம் பின்னால் வந்தவற்றில் மெருகேறியது என்பதை மறுக்க முடியாது. மூன்றாம் பாகத்தில் ஓட்டமும் பாய்ச்சலும் இதைவிடச் சரளம். ஆனால் ஜாக்குக்கு நிகரான எதிரி அதில் இல்லை. எதை முதலில் ஆடுவது என்று கேட்டால் கதை கனமாக உள்ளதையே சொல்வேன். மொழி பற்றிய குறையை என்னால் தள்ள முடியாது. நம்மில் பெரும்பாலோர் கேட்கக்கூடியது ஆங்கில உரையாடல் மட்டுமே, அதுவும் வேகமான அமெரிக்கக் கொச்சை. தமிழ் வசன எழுத்துகூடக் கிடையாது. 2012-இன் இணையப் பகடிகள் சில இன்று அமெரிக்கர்களுக்கே புரியாது. ஆங்கிலப் படத்தை வசன எழுத்துடன் பார்த்துப் பழகியவருக்கு இது தடையாகாது. பழகாதவருக்குப் பாதிச் சுவை போய்விடும், அதை அறிந்தே தொடங்க வேண்டும். வன்முறை பற்றிய கவலைக்கும் நேரான பதில் உண்டு. ஐரோப்பாவில் இதற்கு 18 வயதுச் சான்று, அமெரிக்காவில் 17. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது ஏற்றதல்ல. பெற்றோர் சித்திரப் பாணியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும் விடக் கனமான எதிர்வாதம் நேரத்தைப் பற்றியது. காசு போகாவிட்டாலும் வாழ்நாள் போகிறதே, ஸ்கின்னரின் விதி அங்கேயும் வேலை செய்யுமே என்பது அது. இதற்கான பதில் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் முறை கதையை முடிக்க ஏறத்தாழ முப்பது மணி நேரம் போதும். அதுவரை துப்பாக்கி தேடுவது கதையின் பின்னால் நடக்கிறது. கதை முடிந்த பிறகு இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, 50-இலிருந்து 61, 72, 80 என்று ஏறிக்கொண்டே போகும் லெவல் எல்லை எல்லாம் வருகின்றன. அங்கே கதை பழசு, எதிரியின் உயிர்க்கோடு மட்டும் நீளம். ஒரே பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்து, விழுந்ததைப் பார், வெளியேறு, மறுபடி நுழை, மறுபடி வீழ்த்து. ஃபார்மிங் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்தச் செயலின் உச்சப் பரிசுதான் முன்னே சொன்ன முத்துத் துப்பாக்கி. லூட்டர் ஷூட்டரின் உண்மைச் சுவையே இங்குதான் தொடங்குகிறது என்று அனுபவசாலிகள் வாதிடுவார்கள். நுட்பமான திறன் சேர்க்கைகளை அங்கேதான் முழுமையாகச் சோதிக்க முடியும் என்பது உண்மை. நண்பர்களோடு வாரம் ஒருமுறை கூடி ஆடுபவர்களுக்கு அது நல்ல பொழுதாகவும் இருக்கலாம். ஆனால் தனியாள் ஒருவர் நூறாவது முறை அதே பாஸைச் சுடும்போது அவரை அங்கே பிடித்து வைத்திருப்பது நுட்பமும் இல்லை, கதையும் இல்லை. அடுத்த சிப்பியில் இருக்கும் என்ற நினைப்பு மட்டும்தான். தூத்துக்குடிக் கரையில் அந்த நினைப்புக்குக் குறைந்தபட்சம் ஒரு சந்தை இருந்தது, பிழைப்பு இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

இந்தக் கரையே அந்த நினைப்பிலிருந்து விலகி நடந்த வரலாறும் உண்டு. பார்கள் வெறுமையான பின், தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1973-இல் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்க்கும் முறையில் வெற்றி கண்டார்கள். ஆயிரம் சிப்பியை அழித்து ஒன்றில் தேடுவதற்குப் பதில், ஒரு சிப்பியை எடுத்து அதில் உழைத்துப் பார்த்தார்கள். அதிர்ஷ்டத்தை முழுவதும் ஒழிக்க முடியவில்லை, ஆனால் அதை உழைப்புக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நல்ல விளையாட்டும் இதையே செய்ய வேண்டும். பார்டர்லேண்ட்ஸ் 2 தன் முதல் சுற்றிலும் பெரிய துணைக்கதைகளிலும் இதைச் செய்கிறது. அங்கே அதிர்ஷ்டம் கதைக்கும் திறமைக்கும் கீழ்ப்பட்டு நிற்கிறது. கடைசிச் சுற்றுகளில் அது தலைமேல் ஏறிவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. பதினெட்டு வயதைத் தாண்டியவர், ஆங்கில உரையாடலைப் பின்தொடரக்கூடியவர், பழைய கணினி மட்டுமே கையில் உள்ளவர் பார்டர்லேண்ட்ஸ் 2-ஐ இன்றே தொடங்கலாம். துணைக்கதைகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பாக, தள்ளுபடி விலையில் வாங்குங்கள். முடிந்தால் ஒரு நண்பரோடு ஆடுங்கள். முதன்மைக் கதையை முடியுங்கள், டைனி டீனாவின் கதையைக் கட்டாயம் ஆடுங்கள், மற்றவற்றை விருப்பம்போல ஆடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு அழைக்கும் திரை வரும்போது அணைத்துவிடுங்கள். முத்துத் துப்பாக்கி கிடைக்காமல் போனதால் நீங்கள் இழந்தது எதுவும் இல்லை. இனி எந்தப் புதிய விளையாட்டை வாங்கும் முன்னும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதன் அதிர்ஷ்டம் யாருக்குக் காசு, இதற்கு முடிவு உண்டா, கிடைத்தது என்னிடம் தங்குமா? மூன்றுக்கும் நல்ல பதில் இல்லாத விளையாட்டு எவ்வளவு புதியதாக இருந்தாலும் உங்கள் நேரத்துக்கும் பணத்துக்கும் தகுதியற்றது.